சீயக்காய் போட்டுக் கழுவிய குழாய்கள்

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டுவிட்டால் என்னால் பஸ்ஸுக்குள் உட்கார முடியாது. டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிப் போய்விடுவார். கடலைக்காரர் ஏறுவார், வெள்ளரிக்காய்க்காரம்மா ஏறுவார். எனக்குக் கால் ஆட ஆரம்பித்துவிடும். பக்கத்து சீட்டில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஆடும். இறங்கிப்போய் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்பேன். ரயில் போனதும் எல்லாருக்கும் முன்னால் நடந்து அந்தப் பக்கம் போய்விடுவேன். பஸ் வந்ததும் திரும்ப ஏறிக்கொள்வேன். கண்டக்டருக்குப் பழகிவிட்டது. "ஏம்மா டிக்கெட்டு எடுக்குற? அப்படியே தஞ்சாவூருக்கு நடந்துடேன்" என்பார்.

முன்னால் இப்படி இல்லை. கேட் போட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஏனென்றால் சில நாள் எங்கள் பஸ்ஸுக்கு நாலு வண்டி முன்னால் என் அண்ணனுடைய டேங்கர் லாரி நிற்கும். மாதத்தில் ஒரு நாள் அவன் கையில் ஒரு கேனோடு ஓடிவந்து ஜன்னலைத் தட்டுவான்.

"பாப்பா, புடி. மடியில வச்சுக்க. சீட்டுக்கு அடியில தள்ளுன, உருண்டு போயி டிரைவர் காலுல நிக்கும்."

"என்னப்பா அது, டீசலா?" என்று கண்டக்டர் கேட்பார்.

"இல்லண்ணே, காலேஜுக்குக் கஷாயம்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவான்.

எங்கள் ஊருக்குத் தெற்கே நெல் வயலுக்கு நடுவில் எண்ணெய்க் கிணறுகள் இருக்கின்றன. சில கிணற்றுக்குக் குழாய் கிடையாது. அங்கிருந்து எண்ணெயை லாரியில்தான் ஏற்றிப் போக வேண்டும். அண்ணன் ஓட்டியது அப்படி காண்ட்ராக்டில் ஓடுகிற ஒரு வண்டி. டீக்கடையில் அவனைச் சும்மா விட மாட்டார்கள். "நம்ம வயக்காட்டுல ஓட்ட போடுறவனுக்கு வண்டி ஓட்டுறியேடா, வெக்கமா இல்ல?" என்பார்கள். "நீங்க மோட்டாருக்கு ஊத்துற டீசலு வானத்துலேருந்தா மாமா கொட்டுது?" என்று சிரித்துக்கொண்டே டீயை வாங்கிக்கொள்வான். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்தபடி அதையே யோசித்துக்கொண்டிருப்பான். எனக்குத் தெரியும்.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியின் கெமிஸ்ட்ரி லேபில் கண்ணாடிச் சாமான் கழுவுகிறேன். அங்கே ஆராய்ச்சி செய்கிற ஒரு அக்காவிடம்தான் எனக்கு முக்கால்வாசி வேலை. முதல் நாள் அவரை மேடம் என்று கூப்பிட்டேன். "எங்கம்மாவும் உங்கம்மா மாதிரி நாத்து நட்டவங்கதான். மேடம்னு கூப்புட்டா நான் திரும்பியே பாக்க மாட்டேன்" என்றார். அன்றிலிருந்து அக்காதான்.

கிணற்றிலிருந்து வருகிற எண்ணெய் நாம் நினைக்கிற மாதிரி எண்ணெயாக வராது. தண்ணீரும் உப்பும் அதோடு கலந்து, கடைந்துவிட்டது போல ஒன்றாகி, காபி நிறத்தில் கெட்டியாக வரும். சும்மா வைத்தால் லேசில் பிரியாது. பிரிப்பதற்கு ஒரு மருந்து விடுவார்கள். மருந்து என்பது நான் வைத்த பெயர். பயிருக்கு அடிப்பதும் மருந்து, எலிக்கு வைப்பதும் மருந்து, எங்களுக்கு எல்லாமே மருந்துதான். லேபில் அதற்கு ஒரு நீளமான பெயர் உண்டு. அது என் வாயில் நுழையாது.

அக்கா அந்த மருந்தை உமியிலிருந்து எடுக்கப் பார்த்தார். ரைஸ் மில்லிலிருந்து மூட்டையாக உமி வரும். அதை அரைத்து, சலித்து, ஸ்பிரிட் மாதிரி ஒன்றில் ஊறப்போட்டு, காய்ச்சி வடித்தால் தேன் நிறத்தில் கொஞ்சம் கிடைக்கும். ஒரு மூட்டைக்கு ஒரு பாட்டில்கூட தேறாது.

"கம்பெனியே டிரம்மு டிரம்மா மருந்து வச்சிருக்காம், அண்ணன் சொன்னான். அப்பறம் எதுக்குக்கா இந்த உமி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எண்ணெய எடுத்துட்டு மிச்சத் தண்ணிய என்ன பண்ணுவ? எங்கயாவது விட்டுத்தான ஆவணும். அந்த மருந்து அதுலயே மக்காம கெடக்கும். உமியிலேருந்து வந்தது மக்கிடும்ல?"

"அந்தத் தண்ணி எங்கக்கா போவும்?"

"அதான்டி எனக்கும் பயம். நம்ம பக்கம் எந்தத் தண்ணிதான் வயலுக்குப் போவாம இருக்கு?"

சோதனை பார்ப்பதற்குச் சின்னதாக இருக்கும். கோடு போட்ட கண்ணாடிக் குழாய்கள் எட்டு. எல்லாவற்றிலும் கிணற்று எண்ணெயை ஊற்றி, ஏழில் மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டி விட்டு, குலுக்கி, சுடுதண்ணீர்த் தொட்டியில் நிறுத்துவார். எட்டாவதில் மருந்து கிடையாது. அது வெறுங்குழாய். மற்றதில் அடியில் தண்ணீர் தெளிந்து இறங்கும். அது எந்தக் கோடு வரைக்கும் வந்திருக்கிறது என்று மணிக்கு மணி எழுதுவார். வெறுங்குழாயில் ஒன்றும் இறங்கக் கூடாது. அது அசையாமல் நின்றால்தான் மற்றதில் வேலை செய்தது மருந்து என்று சொல்ல முடியும்.

இதற்காகக் கல்லூரியில் கடிதம் கொடுத்து, கிணற்றிலிருந்து மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய் வாங்கினார்கள். மூடியில் சீல் வைத்து, கிணற்று நம்பரை ஒட்டித் தருவார்கள். தங்கச்சி அங்கேதானே வேலை செய்கிறாள் என்று அண்ணனிடமே கொடுத்தனுப்பினார்கள். கேன் காலியானதும் அவனிடமே திரும்பிப் போகும். அவன் சும்மா கொண்டுவர மாட்டான். மார்க்கர் பேனாவால் கேனின் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் ஏதாவது எழுதிவிடுவான். முதல் மாதம் 'காபி இல்ல'. அடுத்து 'கருப்பட்டிப் பாகு இல்ல'. கேன் வந்தால் அக்கா சீலைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் படிப்பார்.

கடைசிக் கேன் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அதே கேட், அதே ஜன்னல். அன்றைக்கு அக்கா லீவு. கேனை நான் சிங்க்குக்கு அடியில், உடைந்த பீக்கர் போட்டுவைக்கிற பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். திங்கட்கிழமை எடுத்துக் கொடுக்கலாம் என்று.

திங்கட்கிழமை விடிந்து அண்ணன் டூட்டிக்குப் பைக்கில் கிளம்பினான். அறுப்பு முடிந்த நேரம். தார்ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயப் போட்டு, ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். எதிரே வந்த வேனுக்கு ஒதுங்கியவன் நெல்மேல் ஏறினான். நெல்மேல் பைக் டயர் நிற்காது. கல்லில் தலை மோதியது. ஹெல்மெட் வீட்டில் ஆணியில் தொங்கியது. இன்னும் தொங்குகிறது.

யாருடைய நெல் என்று எங்களுக்குத் தெரியும். அவர் பதினாறு நாளும் வந்து வாசலில் ஓரமாக நின்றார். அம்மா அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. போன வருஷம் அதே ரோட்டில் எங்கள் நெல்லும்தான் காய்ந்தது. அதே மாதிரி நாங்களும் கல் வைத்தோம். கல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்தது நான்.

காரியம் முடிந்து லேபுக்குத் திரும்பினேன். அக்கா என் கையைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தார். அப்புறம் மெதுவாக, "இந்த மாசக் கேனு வரலதானே? பரவால்ல, பழசு கொஞ்சம் இருக்கு" என்றார்.

"வரலக்கா" என்று சொல்லிவிட்டேன்.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது. கேன் அங்கேயே, மூன்றடி தள்ளி, பெட்டிக்குப் பின்னால் இருந்தது. கொடுத்தால் திறப்பார்கள். திறந்தால் தீர்ந்துவிடும். அவன் கை பட்டுக் கடைசியாக என் கைக்கு வந்தது அது. அதற்கு அப்புறம் ஞாயிற்றுக்கிழமை எனக்கு மீன் வாங்கி வந்தான்தான். ஆனால் அதைத் தின்றுவிட்டோமே.

ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை குனிந்து பார்த்துக்கொள்வேன். எழுத்தைத் தடவிப் பார்ப்பேன். இந்தத் தடவை 'தலைக்குத் தேச்சிடாத' என்று எழுதியிருந்தான்.

இன்னொன்றும் ஆரம்பித்தது. குழாய் கழுவ ஒரு முறை உண்டு. முதலில் சோப்பு, அப்புறம் டொலுவீன் என்று ஒரு நெடியடிக்கிற திரவம், கடைசியில் சுத்தப்படுத்திய தண்ணீர். அந்த டொலுவீன் பாட்டிலைத் திறந்ததும் அண்ணனின் சட்டை வாசம் வந்தது. அவன் கழற்றிக் கொடியில் போடுகிற காக்கிச் சட்டையில் அடிக்கும் அதே வாசம். முன்னால் அது வெறும் நெடி. இப்போது பாட்டிலை மூடிவிட்டு வெளியே ஓட வேண்டியிருந்தது. வராந்தாவில் முழு நீளத்துக்குப் போய்த் திரும்பி வந்தாலும் மூக்கை விட்டுப் போகவில்லை.

அந்தச் சட்டையை அம்மா எப்படித் துவைப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். எண்ணெய்க் குளியலுக்குத் தலைக்குத் தேய்க்கிற மாதிரி, வடித்த கஞ்சியில் சீயக்காய்த் தூளைக் குழைத்துக் கறையில் அப்பி வைப்பார். எந்தப் பிசுக்கும் விட்டுவிடும். மறுநாள் டிபன் பாக்ஸில் கஞ்சியும் காகிதத்தில் சீயக்காயும் எடுத்துப் போனேன். குழாய்கள் பளிச்சென்று வந்தன. பைப்புத் தண்ணீரிலேயே அலசி லேபின் சூட்டடுப்பில் காய வைத்தேன். நெடி இல்லை. ஓட வேண்டியதில்லை. தினமும் அப்படியே செய்தேன்.

"ஏண்டி, நீ தலைக்கே குளிக்க மாட்டேங்குற. சீயக்காத் தூளு மட்டும் எப்படிடி கொறையுது?" என்று அம்மா கேட்டார். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன்.

அந்த வாரங்களில் அக்காவின் மருந்து பிரமாதமாக வேலை செய்தது. முன்னே இரண்டு மணி நேரம் எடுத்தது அரை மணியில் பிரிந்தது. கொஞ்சம் சொட்டு விட்டாலே போதும், தண்ணீர் இறங்கியது. அக்கா எனக்கு அல்வா வாங்கித் தந்தார். "உமிடி! வெறும் உமி!" என்று தோளில் அடித்தார். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது.

அக்காவுக்கு மேலே இருக்கிற சார் வந்து நோட்டைப் புரட்டிவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "வெறுங்குழாய தெனமும் வச்சியாம்மா?"

வைக்கவில்லை. எண்ணெய் குறைவாக இருக்கிறதே என்று, முதல் மாதம் வைத்த வெறுங்குழாயின் கணக்கையே அக்கா எல்லாவற்றுக்கும் எழுதியிருந்தார். உடனே ஒன்று வைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் அதிலும் அடியில் தண்ணீர் தெளிந்து நின்றது. மருந்தே இல்லாமல்.

மூன்று நாள் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. தொட்டியின் சூட்டை மாற்றிப் பார்த்தார், தெர்மாமீட்டரை மாற்றிப் பார்த்தார். எதை மாற்றினாலும் வெறுங்குழாய் பிரிந்தது. நான் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். அடியில், மூச்சு பட்டது போல, மெல்லிய வெள்ளைப் படலம். அலசியும் போகாத சீயக்காய்க் கஞ்சி. தெரிந்துவிட்டது. ஆனாலும் சொல்லவில்லை. ஏன் என்று இப்போது கேட்டால் வெட்கமாக இருக்கிறது. வேலை போய்விடும் என்ற பயம்கூட இல்லை. டொலுவீன் பாட்டிலைத் திரும்பத் திறக்கச் சொல்வார்களே, அதுதான்.

மூன்றாம் நாளோடு பழைய எண்ணெய் எல்லாம் தீர்ந்தது. கிணற்றில் ஏதோ ரிப்பேர், இப்போதைக்குப் புதுசு கிடைக்காது என்றார்கள். சார் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"குழப்பிக்காதம்மா. வர்ற வழியிலதான் ஏதோ நடந்திருக்கு. டிரைவர் பசங்க கொஞ்சத்த எடுத்துட்டு வேற எதையாவது ஊத்தி ரொப்பியிருப்பாங்க. சீலு பிரிக்கிறது அவங்களுக்குப் பெரிய விஷயமா? சாம்பிள் சரியில்லன்னு கம்பெனிக்கு ஒரு லெட்டர் போட்டுடுவோம்."

டிரைவர் யார் என்று அவருக்குத் தெரியாது. அக்கா "சார்..." என்று என் பக்கம் கண்ணைக் காட்டினார். என் கையில் தட்டு நிறையக் குழாய்கள். தட்டை மேஜைமேல் வைத்தேன்.

"எங்கண்ணன் ஒண்ணும் கலக்கல சார்" என்றேன். "நான்தான். நான்தான் குழாய சீயக்கா போட்டுக் கழுவுனேன்."

அக்காதான் முதலில், "எத்தன நாளா?" என்றார்.

"காரியம் முடிஞ்சு வந்ததுலேருந்து."

அக்கா நோட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். அல்வா வாங்கிய நாளும் அதில் இருந்தது. "அத்தனையுமாடி?" என்றார். அப்புறம் குரல் ஏறியது. "சொல்ல வேண்டியதுதானடி! நெடி ஒத்துக்கலன்னா நான் கழுவிட்டுப் போறேன். எனக்கென்ன கை இல்லையா?"

"சீயக்கா மட்டுமா?" என்றார் சார்.

"கஞ்சியும் சார். வடிச்ச கஞ்சி. அப்பத்தான் எண்ணெ விடும்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். "எங்க வீட்லயும் அப்படித்தான்" என்று என்னவோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். பிறகு அக்காவிடம், "சீயக்காதான் காரணம்னு நாமளா நெனச்சுக்க முடியாதும்மா. நல்லாக் கழுவுன குழாயில, அந்தக் கிணத்து எண்ணெய ஊத்திப் பாத்தாத்தான் தெரியும். அதான் ஒரு சொட்டு இல்லையே. ரெண்டு நாள் பாப்பேன். இல்லன்னா லெட்டர் போட்டுத்தான் ஆவணும்" என்று எழுந்து போனார்.

நான் வெளியே வந்து நடந்தேன். கேண்டீன் வரைக்கும், சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும், திரும்பக் கேண்டீன் வரைக்கும். வாட்ச்மேன் "என்ன பாப்பா தொலைச்சுட்ட?" என்று கேட்டார். கேனைக் கொடுத்தால் அது போய்விடும். கொடுக்காவிட்டால் அவன் திருடன் என்று ஒரு காகிதம் கிணற்றுக்குப் போகும். அவனோடு வேலை செய்தவர்கள் அதைப் படிப்பார்கள். மூன்றாவது சுற்றில் கால் தானாக லேபுக்குள் போய்விட்டது. குனிந்து பெட்டியை நகர்த்தினேன்.

மேஜைமேல் வைத்ததும் அக்கா முதலில் எழுத்தைத்தான் படித்தார். தலைக்குத் தேச்சிடாத. வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

"எப்ப வந்துது?"

"அவன் போறதுக்கு மூணு நா முன்னாடி."

"இது பூராவும் வேணும்டி. மிச்சம் வைக்க முடியாது."

"தெரியும்க்கா."

"பழசா வேற ஆயிடுச்சு. இது நாளாக நாளாக இன்னும் இறுகும். என் மருந்து இதுக்கு ஆவுமான்னே தெரியல."

குழாய்களைத் தான் கழுவுவதாக அக்கா சொன்னார். நான் விடவில்லை. டொலுவீன் பாட்டிலைத் திறந்தேன். சட்டை வந்தது. கழுத்துப் பட்டை, கைமடிப்பு, எல்லாம் வந்தது. ஓடவில்லை. ஓடாமல் இருந்தேன் என்பதற்காகப் பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை, மூக்கு ஒழுகியது, கண் எரிந்தது. ஒரு குழாய்க்கு மூன்று தடவை, எட்டுக் குழாய்க்கும் செய்தேன்.

மறுநாள் காலையில் அக்கா சீலைப் பிரித்தார். சீல் முழுசாக இருந்ததைச் சாரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் பிரித்தார். கேனைக் குலுக்கி, ஊற்றி, தொட்டியில் நிறுத்தினார். மூன்று பேரும் மருந்து விட்ட ஏழு குழாயையும் விட்டுவிட்டு வெறுங்குழாயையே பார்த்தோம். பிரியக் கூடாது, பிரியக் கூடாது என்று. என்னால் நிற்க முடியவில்லை. சிங்க்குக்கும் தொட்டிக்கும் நடுவில் போய்ப் போய் வந்தேன்.

"குறுக்க நெடுக்க நடக்காதடி, எனக்குத் தல சுத்துது" என்றார் அக்கா.

ஒரு மணி. இரண்டு மணி. வெறுங்குழாய் மேலிருந்து அடி வரைக்கும் ஒரே காபி நிறம். ஒரு கோடுகூடத் தண்ணீர் இல்லை. சார் அதைத் தூக்கி ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். மெதுவாகத் திரும்ப வைத்தார்.

"உங்கண்ணன் கொண்டாந்த கேனு சுத்தம்மா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "லெட்டர் வேணாம். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

நான் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன்.

மருந்து விட்ட குழாய்களில் சாயங்காலம்தான் தண்ணீர் இறங்கியது. அரை மணி எல்லாம் இல்லை. இறங்கிய தண்ணீரும் முன்னே நோட்டில் எழுதியதில் பாதிகூட இல்லை. அக்கா கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்து, எழுதி, கீழே ஒரு கோடு போட்டார். "வெறுங்குழா வைக்காத ஆறு மாசமும் போச்சு. மறுபடி உமி மூட்டையிலேருந்து ஆரம்பிக்கணும்" என்றார். கொஞ்சம் கழித்து, "இது நிசம்டி. கொஞ்சந்தான், ஆனா நிசம்" என்றார். சீயக்காய் ஏன் பிரித்தது என்று பிறகு ஒரு நாள் பார்க்கலாம் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டார். இன்னும் பார்க்கவில்லை.

அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்ததில் கேன் காலியானது. வெளிப்பக்கம் எண்ணெய் வழிந்திருந்தது. டொலுவீன் துணியால் துடைத்தேன். மார்க்கர் மை அதில் கரையும் என்று தெரியும், அதனால் எழுத்தைச் சுற்றி மட்டும் துடைத்தேன். அதை வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் கிணற்றுக்கு அனுப்ப வேண்டிய காலிக் கேன்களோடு அக்கா அதையும் வைத்துவிட்டார். இருக்கிறதே ஒன்றிரண்டு கேன். நான் கேட்கவில்லை.

ரிப்பேர் முடிந்து கிணறு மறுபடி திறந்த மாதம், நீடாமங்கலத்தில் கேட் போட்டிருந்தது. நான் வழக்கம் போல இறங்கப் போனேன். படிக்கட்டில் கால் வைக்கும்போது ஒருவர் கேனோடு பஸ் பஸ்ஸாக ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார். புது டிரைவர்.

"நீதான லேபு பாப்பா? இந்தா. இத யாரும்மா எழுதுனது? கெணத்துல அத்தன பேரும் படிச்சுச் சிரிச்சானுங்க. அழிக்கவும் மாட்டேங்குறானுங்க."

"எங்கண்ணன்" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. "பாத்துப் புடிம்மா" என்று இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தார்.

கேனை வைத்துக்கொண்டு இறங்கி நடக்க முடியாது. சீட்டில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டேன். எழுத்து என் பக்கம் இருந்தது. ரயில் வரவில்லை. கடலைக்காரர் ஏறினார், இறங்கினார். கால் ஆடிக்கொண்டேதான் இருந்தது. காலோடு சேர்ந்து கேனுக்குள் ஐந்து லிட்டரும் ஆடியது.

"என்னம்மா, இன்னக்கி எறங்கலியா?" என்றார் கண்டக்டர்.

"மடியில கனமா இருக்குண்ணே" என்றேன்.